நகம் காட்டும் நரம்பு வலி

உடல்நலப் பாடம்

இணைபிரியாத நட்பைச் சொல்ல 'நகமும் சதையும் போல' என்கிறோம். உடலிலும் அது உண்மைதான். நகம் உயிரற்ற ஓடு. அதற்கு அடியில் இருக்கும் சதையிலோ நரம்பும் ரத்தக் குழாயும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. அந்த நரம்பு கெட்டால் நகத்தின் வளர்ச்சியும் மாறும். நாள்பட்ட நரம்பு வலி உள்ள சிலருக்கு நகம் கோடு விழுந்து, தடித்து, வளைந்து, நிறம் மங்கிப் போவது இதனால்தான்.

இந்தப் பாடத்தில் அத்தகைய நோய்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கையிலோ காலிலோ அடிபட்டு, காயம் ஆறிய பிறகும் அந்த உறுப்பில் எரிச்சலும் வீக்கமும் தங்கிவிடும் நோய் இது. மருத்துவர்கள் இதைக் 'காம்ப்ளக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்' என்பார்கள், சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் 'எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள், கை மட்டும் எரிகிறது' என்ற புகாரை நம் குடும்பங்கள் பலவற்றில் கேட்டிருப்போம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த 62 வயது அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் எக்ஸ்ரே பார்த்து 'நன்றாகக் கூடியிருக்கிறது' என்கிறார் டாக்டர். கையோ வீங்கிச் சிவந்து பளபளக்கிறது. புடவைத் தலைப்பு பட்டால் கூட உயிர் போகிறது. விரல்களை மடக்க முடியவில்லை. 'கொஞ்ச நாள் அசைக்காமல் வைத்திருங்கள்' என்கிறார்கள் வீட்டில். இரண்டு மாதம் கழித்து நகங்களில் குறுக்கே பள்ளம் விழுந்திருப்பதைப் பேத்தி கண்டுபிடிக்கிறாள். 'சத்துக் குறைவு' என்கிறார் ஒருவர். 'நகச்சொத்தை' என்று களிம்பு வாங்கித் தருகிறார் இன்னொருவர். ஊருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மா கிளம்பிப் போகிறார். வைத்தியம் இந்த ஊரிலும் தொடங்கவில்லை, அந்த ஊரிலும் தொடங்கவில்லை. இந்த நோயில் நழுவவிடக் கூடாத மாதங்கள் இப்படித்தான் நழுவிப் போகின்றன.

நோயின் வரலாறு

இது புது நோய் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸைலஸ் வீர் மிட்செல் என்ற டாக்டர், குண்டடிபட்ட சிப்பாய்களை ஃபிலடெல்ஃபியா நகரில் கவனித்து வந்தார். நரம்பில் அடிபட்ட சிலருக்குப் புண் ஆறிய பிறகும் தாங்க முடியாத எரிச்சல் இருந்தது. தோல் மெருகேற்றியதுபோல் மின்னியது. நகங்கள் வளைந்தன. எரிச்சல் தாளாமல் சிலர் கையை எப்போதும் ஈரத் துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். மிட்செலும் அவருடைய சகாக்களும் இவற்றையெல்லாம் 1864ஆம் ஆண்டிலேயே புத்தகமாக எழுதிவிட்டார்கள்.

1900இல் ஜெர்மனியின் பால் ஸூடெக், இத்தகைய கைகளில் எலும்பும் சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிவதை எக்ஸ்ரேயில் காட்டினார். 1946இல் எவான்ஸ் என்ற மருத்துவர் இதை 'ரிஃப்ளெக்ஸ் சிம்பதெடிக் டிஸ்ட்ரஃபி' என்று அழைத்தார். பழைய மருத்துவச் சீட்டுகளில் ஆர்.எஸ்.டி. என்று இருந்தால் அதுவும் இதே நோய்தான். இன்று வழங்கும் பெயரை, வலி பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 1994இல் நிலைப்படுத்தியது.

இதில் இரண்டு வகை உண்டு. பெரிய நரம்பில் காயம் எதுவும் தெரியாமல் வருவது முதல் வகை. பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான். குறிப்பிட்ட ஒரு நரம்பு அடிபட்டு வருவது இரண்டாம் வகை. எலும்பு முறிவு, சுளுக்கு, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் இது வரலாம். மணிக்கட்டு முறிவுக்குப் பின் அதிகம் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அடிபட்டது சிறிது, வலி பெரிது என்பதே இதன் இயல்பு. ஆகவே 'இவ்வளவு சின்ன அடிக்கு இத்தனை வலியா?' என்று கேட்பது பொருத்தமான கேள்வி அல்ல.

நகம் வளரும் விதம்

நகத்தில் ஏற்படும் மாற்றத்தைப் புரிந்துகொள்ள, நகம் எப்படி வளர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் மறைந்தபடி நகவேர் இருக்கிறது. அங்கே செல்கள் பெருகி, கெட்டிப்பட்டு, உயிரிழந்து, தகடாகி முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. நாம் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான்.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வேரிலிருந்து நுனிவரை முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். கால் நகத்தின் வேகம் இதில் பாதிதான். கால் கட்டைவிரல் நகம் முழுவதும் புதிதாக வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகலாம்.

இதிலிருந்து ஒரு சுலபக் கணக்குப் போடலாம். கைவிரல் நகத்தில் குறுக்கே ஒரு பள்ளம் தெரிகிறது. அது தோல் மடிப்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன்பு நகவேர் தன் வேலையைச் சற்று நிறுத்தியிருக்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட குறுக்குக் கோட்டை 1846இல் விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் போ. அவர் பெயராலேயே இன்றும் அதைப் 'போ கோடு' என்கிறார்கள். கடுங்காய்ச்சலுக்குப் பிறகு எல்லா நகங்களிலும் இது வரும். மாவுக்கட்டுப் போட்ட கையில் மட்டும் வந்தால், காரணம் அந்தக் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு முக்கிய விஷயம். கெட்டுப்போன நகத் தகடு உயிரற்றது. எந்த எண்ணெயாலும் மாத்திரையாலும் அதை நேராக்க முடியாது. வைத்தியம் பலித்தால் வேரிலிருந்து புதிதாக வரும் நகம் சீராக இருக்கும். ஆகவே, குணமாகிறதா என்று பார்க்க நகத்தின் நுனியைப் பார்க்காதீர்கள். தோல் மடிப்பை ஒட்டிப் புதிதாக வரும் பகுதியைப் பாருங்கள். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு கைகளையும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

என்னென்ன மாற்றங்கள் வரும்?

நோயின் தொடக்கத்தில் அந்தக் கையின் நகமும் ரோமமும் மற்றக் கையைவிட வேகமாக வளரலாம். நாள் செல்லச் செல்ல வளர்ச்சி மந்தப்படும். நகம் எளிதில் உடையும், நீளவாக்கில் வரிகள் விழும், தடிக்கும், வளையும், நிறம் மங்கும். ரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் தாறுமாறாக இயங்குவதும், உடலில் ஏற்படும் அழற்சியும், கையை உபயோகிக்காமல் வைத்திருப்பதும் சேர்ந்தே இந்த மாற்றங்களை உண்டாக்குகின்றன. மூன்றாவது காரணத்தைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

நகமாற்றம் எல்லா நோயாளிகளுக்கும் வருவதில்லை. நகம் நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நகம் கெட்டிருப்பதால் மட்டும் இந்த நோய்தான் என்று முடிவு கட்டவும் முடியாது.

வேறு காரணங்கள்

நகம் மாறுவதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. நகச்சொத்தை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பூஞ்சை நோய். நகம் மஞ்சளாகித் தடித்து, அடியில் பொடிப்பொடியாக உதிரும். கால் விரல்களில்தான் அதிகம். ஸோரியாஸிஸ் இருந்தால் நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் விழும். இரும்புச் சத்துக் குறைந்தால் நகம் கரண்டிபோல் குழியலாம். தைராய்டு கோளாறிலும் நகம் மாறும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதங்களில் எரிச்சலும், கூடவே நகத்தடிப்பும் வருவது சகஜம். அது பொதுவாக இரண்டு பாதங்களிலும் ஒருசேர வரும். நாம் பேசும் நோய் பெரும்பாலும் ஒரு கையில் அல்லது ஒரு காலில்தான் தொடங்கும். ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அகலமானால் தாமதிக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பூஞ்சை என்று சந்தேகம் வந்தால் நகத்தைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை விழுங்க வேண்டாம். அந்த மாத்திரைகளில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. வேறு மருந்துகளுடன் ஒத்துப்போகாதவையும் உண்டு.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

இந்த நோயை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஸ்கேன் சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். 2003இல் புடாபெஸ்ட் நகரில் நிபுணர்கள் கூடி ஓர் அளவுகோலை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் அதையே பின்பற்றுகிறார்கள். அறிகுறிகளை அது நான்கு கூட்டங்களாகப் பிரிக்கிறது.

ஒன்று, உணர்ச்சி: லேசாகத் தொட்டாலே வலி, அல்லது சிறு குத்தலும் பெரிய வலியாகத் தெரிவது.
இரண்டு, நிறமும் சூடும்: இரண்டு கைகளுக்கும் இடையே வெப்பத்திலோ நிறத்திலோ வித்தியாசம்.
மூன்று, வீக்கமும் வியர்வையும்.
நான்கு, அசைவும் வளர்ச்சியும்: விரல் மடங்காமை, பலவீனம், நடுக்கம், நகம், ரோமம், தோல் ஆகியவற்றின் மாற்றம்.

அடியின் அளவுக்கு மிஞ்சிய, தொடர்ந்த வலி இருக்க வேண்டும். நோயாளி சொல்வதில் மூன்று கூட்டங்களிலாவது ஒவ்வோர் அறிகுறி இருக்க வேண்டும். டாக்டர் நேரில் காண்பதில் இரண்டு கூட்டங்களிலாவது இருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் இதை விளக்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் நிறைவேறினால் சி.ஆர்.பி.எஸ். எனலாம்.

ஆகவே நோயாளி வாயால் சொல்வதற்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு. காலையில் நீலமாக இருந்த கை, டாக்டரிடம் போகும்போது சாதாரணமாக இருக்கலாம். மாற்றம் தெரியும் வேளையில் எடுத்த போட்டோ அப்போது கை கொடுக்கும்.

இந்தியில் எப்படிச் சொல்வது?

வட இந்திய நகரங்களில் வாழும் நம்மவர்களுக்கு, குறிப்பாக ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு, இது தனிச் சிரமம். எல்லாவற்றையும் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். டாக்டரும் சாதாரண வலி மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுகிறார். நரம்பு வலியை அடையாளம் காட்டுவது வலியின் தன்மைதான். இந்தச் சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

எரிச்சல் - ஜலன்
சுருக்கென்று குத்துதல் - சுபன்
ஊசி ஊசியாகக் குத்தும் விறுவிறுப்பு - ஜுன்ஜுனி
மரத்துப்போதல் - சுன்ன
வீக்கம் - ஸூஜன்
நகம் - நாகூன்
தொட்டாலே வலிக்கிறது - சூனே ஸே பீ தர்த் ஹோதா ஹை

துணைக்குப் போகிறவர், பெரியவர் சொல்வதைச் சுருக்காமல் அப்படியே சொல்ல வேண்டும். 'கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டதுபோல' என்று அம்மா சொன்னால், அதை வெறும் 'தர்த்' என்று மொழிபெயர்க்கக் கூடாது.

வைத்தியத்தில் என்னென்ன வழிகள்?

ஒரே மருந்தில் தீரும் நோய் அல்ல இது. பல வழிகளைச் சேர்த்தே கையாள வேண்டும். எளியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே போவதுதான் முறை.

முதலிடம் உடற்பயிற்சி வைத்தியத்துக்கு, அதாவது பிசியோதெரபிக்கு. கையைத் திரும்ப உபயோகத்துக்குக் கொண்டு வருவதே குறிக்கோள். மற்ற மருந்துகளும் ஊசிகளும் பயிற்சி செய்ய முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பதற்காகவே. வலிக்க வலிக்க விரலைப் பிடித்து முறுக்குவது பயிற்சி அல்ல. அதனால் நோய் கூடும். கொஞ்சமாக, அடிக்கடி, தானே அசைப்பதுதான் பயிற்சி.

வீட்டு வேலைகளே நல்ல பயிற்சியாகும். தேங்காய் நார் கொண்டு மேடையைத் தேய்ப்பது, சிறு பையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடப்பது, மாவு பிசைவது, துணி மடிப்பது எல்லாம் எலும்புக்கும் மூட்டுக்கும் அளவான பாரம் கொடுக்கும். தொடு உணர்ச்சியைப் பழக்குவது இன்னொரு பயிற்சி. முதலில் பட்டுத்துணி அல்லது பஞ்சு, பிறகு பழைய வேட்டித் துணி, பிறகு துவாலை என்று தினம் சில நிமிடம் மெதுவாகத் தடவ வேண்டும். பிறகு ஒரு பாத்திரத்தில் அரிசியோ உளுந்தோ போட்டு அதற்குள் கையை விட்டு அளையலாம். நோயாளி தானாகச் செய்ய வேண்டும். மற்றவர் திடீரென்று தொடக் கூடாது.

கண்ணாடிப் பயிற்சியின் பின்னே ஒரு தமிழர் இருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கையை இழந்தவர்களின் 'இல்லாத கை வலி'க்குக் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். அதே யோசனையை 2003இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் இந்த நோயில் சோதித்தார்கள். நோய் வந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது; ஆண்டுக்கணக்கானவர்களுக்குத் தெரியவில்லை. முறை இதுதான்: இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, வலிக்கும் கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்துக்கொண்டே பிம்பத்தைப் பார்ப்பது. வலிக்கும் கை வலியில்லாமல் அசைவதாக மூளை காண்கிறது. செலவு ஒரு கண்ணாடிதான். ஆனால் தொடக்கத்தில் பயிற்சியாளர் மேற்பார்வை வேண்டும்; சிலருக்கு வலி கூடும்.

அடுத்து மாத்திரைகள். சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அதிகம் உதவுவதில்லை. காபாபென்டின், ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் போன்றவற்றை டாக்டர்கள் எழுதுகிறார்கள். இவற்றில் சில மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தருபவை. மருந்துக் கடையில் அதைக் கேட்டுவிட்டுப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். இங்கே நரம்பை அமைதிப்படுத்தவே தருகிறார்கள். தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல், மலச்சிக்கல், கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கண்ணழுத்தம், புராஸ்டேட் தொல்லை எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயதானவர்கள் தலைசுற்றி மறுபடியும் விழுந்துவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது; படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நோய் தொடங்கிய புதிதில், கை சூடாக வீங்கியிருக்கும்போது, சிலருக்குக் குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு தருவார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதால் கவனம் தேவை. எலும்பு மெலிவுக்குத் தரும் பிஸ்ஃபாஸ்ஃபொனேட் வகை மருந்துகளும் ஆரம்பக் கட்டத்தில் சிலருக்கு வலியைக் குறைக்கின்றன. இவற்றைத் தொடங்குமுன் பல், சிறுநீரகம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியும் மாத்திரையும் போதாதபோது வலி நிபுணர்கள் ஊசி முறையைச் சொல்வார்கள். கைக்கானால் கழுத்திலும், காலுக்கானால் இடுப்பிலும் உள்ள நரம்பு முடிச்சருகே மரப்பூசி போடுவார்கள். கழுத்தில் போட்டதும் அந்தப் பக்க இமை சற்றுத் தொங்கினால் பயப்பட வேண்டாம். சில மணி நேரத்தில் சரியாகும். சிலருக்கு ஊசியால் கிடைக்கும் நிவாரணம் பயிற்சிக்கு வழிவிடுகிறது. ஆனால் நீண்டகாலப் பலன் உறுதி என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. ஆகவே 'பத்து ஊசிக்கு மொத்தமாகப் பணம் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். ஓர் ஊசியின் பலனைப் பார்த்தே அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும்.

கடைசிப் படி, முதுகுத்தண்டின் அருகே சிறு மின் கருவி பொருத்துவது. 2000ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இது வலியைக் குறைத்தது. கையின் செயல்திறனைக் கூட்டவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது வலி நிவாரணத்திலும் வித்தியாசம் மங்கியிருந்தது. செலவும் அதிகம். தேர்ந்தெடுத்த சிலருக்கே பொருந்தும். நிரந்தரமாகப் பொருத்துமுன் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது வழக்கம்.

எந்த வைத்தியத்துக்கும் சம்மதிக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதனால் என் கை எந்த வேலைக்கு உதவும்? பலன் தெரிய எத்தனை நாள்? பக்கவிளைவு என்ன? பலிக்காவிட்டால் அடுத்து என்ன? பதிலைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நகத்தைப் பராமரிப்பது

தொட்டாலே வலிக்கும் விரலில் நகம் வெட்டுவது பெரும்பாடு. வெட்டாமல் விட்டாலோ துணியில் மாட்டி இழுக்கும். பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் நகம் மெதுவாகும். நல்ல கையால் நீரின் சூட்டைப் பார்த்த பிறகே வலிக்கும் கையை விட வேண்டும். நகவெட்டியின் அழுத்தம் தாங்காதவர்கள், நக அரத்தை மேஜையில் டேப் போட்டு ஒட்டிவைத்து, அதன்மேல் விரல் நுனியை நகர்த்தித் தேய்க்கலாம். இம்முறையில் யாரும் விரலைப் பிடிக்க வேண்டியதில்லை. வலிக்கும் கையால் நகவெட்டியைப் பிடிக்க முடியாதவர்கள், நல்ல கையின் நகத்தையும் இப்படியே சீராக்கிக்கொள்ளலாம். ஒரே நாளில் எல்லா விரல்களையும் முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாளுக்கு இரண்டு போதும்.

நகத்தை நேராக வெட்டுங்கள்; ஓரங்களைத் தோண்டாதீர்கள். அடித்தோலை நறுக்க வேண்டாம். இரவில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவலாம். நகப்பூச்சை அழிக்கும் திரவம் நகத்தை உலர்த்தும். கல்யாண சீசனில் இலையை அரைத்து வைக்கும் மருதாணியால் தோஷமில்லை. உடனே கறுப்பாகப் பிடிக்கும் ரசாயனக் கலவையைத் தவிர்க்கவும். மாற்றத்தைக் கவனிக்க ஒரு நகத்தையாவது சாயமில்லாமல் விடுங்கள்.

வீக்கம் தொடங்கியதுமே மோதிரம், வளையல், காலானால் மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பிறகு அறுத்தெடுக்க வேண்டி வரும். நகச்சுற்று வந்து சிவந்து சீழ் கோத்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்த வேண்டாம். நகத்தைப் பிடுங்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த நோய் இருப்பதை முதலில் தெரிவியுங்கள். புதிய காயம் வலியை மறுபடி கிளப்பக்கூடும். ரத்தம் எடுக்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் இயன்றவரை மற்றக் கையைக் கொடுங்கள்.

தில்லி போன்ற ஊர்களின் குளிர்காலம் இவர்களுக்குக் கடினம். தளர்வான பருத்திக் கையுறை மேல் கம்பளிக் கையுறை போடலாம். ஹீட்டர் அருகே கையை நீட்ட வேண்டாம். உணர்ச்சி மாறியிருப்பதால் சுட்டுக்கொண்டது தெரியாமல் போகலாம். ஐஸ் ஒத்தடமும் உதவாது.

குடும்பத்தார் கவனத்துக்கு

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பார்கள். இந்த வலி கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஆகவே 'வேலைக்குப் பயந்து நடிப்பு', 'மனப்பிரமை' என்ற பேச்சு வீட்டுக்குள்ளேயே கிளம்புகிறது. இது நரம்பும் மூளையும் சம்பந்தப்பட்ட உடல் நோய். கவலையும் தூக்கமின்மையும் எந்த வலியையும் கூட்டும் என்பதால் மனநல ஆலோசனை சொல்வார்கள். அதனால் வலி பொய்யாகிவிடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அன்பு மிகுதியால் 'கையை அசைக்காதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று உட்கார வைத்துவிடுவது. ஒரு தம்ளரைத் தானே எடுத்துக் குடிக்க ஐந்து நிமிடம் ஆனாலும் விடுங்கள். அந்த ஐந்து நிமிடம் வைத்தியம்.

மாவுக்கட்டு இருக்கும்போதே வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் நீலமானாலோ, மரத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை முதல் நாளிலிருந்தே, டாக்டர் அனுமதித்தபடி, அசைக்கப் பழக்குங்கள். கட்டுப் பிரித்த பின் முதல் சில மாதங்கள் ஒரே டாக்டர், ஒரே பயிற்சியாளரிடம் தொடர்வது நல்லது. ஊர் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பயிற்சிக் குறிப்பு, நக போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அனுப்புங்கள். அங்கே யாரைப் பார்ப்பது என்று முன்னதாகவே ஏற்பாடு செய்யுங்கள். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க மருந்துத் துறையின் கீழ் வலி நிவாரணப் பிரிவு இருக்கிறது, விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

பலருக்கு முதல் ஓராண்டுக்குள் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. சிலருக்கு வலி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அவர்களும் வலியோடு கூடவே சமைக்க, எழுத, கோலம் போட, பேரனைத் தூக்கப் பழகிக்கொள்ள முடியும். அதற்கு வீட்டாரின் பொறுமை வேண்டும்.

பாடத்தைச் சரிபார்க்க

1. கைவிரல் நகத்தில் தோல் மடிப்பிலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளிக் குறுக்குப் பள்ளம் இருக்கிறது. எப்போது ஏற்பட்டது? - சுமார் மூன்று மாதம் முன்பு.

2. ஒரு மாத வைத்தியத்துக்குப் பிறகும் நக நுனி கோணலாகவே இருக்கிறது. வைத்தியம் தோற்றதா? - அப்படிச் சொல்ல முடியாது. புதிதாக வரும் 3 மில்லிமீட்டரைப் பார்க்க வேண்டும்.

3. நகம் தடித்திருக்கிறது, கடைக்காரர் பூஞ்சை மாத்திரை தருகிறார். வாங்கலாமா? - முதலில் நகச் சுரண்டல் பரிசோதனை.

4. வலிக்கும் கைக்கு முழு ஓய்வு கொடுக்கலாமா? - கூடாது. அளவான உபயோகமே வைத்தியத்தின் அடிப்படை.

5. டாக்டரிடம் 'தர்த்' என்று மட்டும் சொன்னால் போதுமா? - போதாது. ஜலன், சுபன், ஜுன்ஜுனி என்று தன்மையையும் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது அண்மையில் மாவுக்கட்டு பிரித்திருந்தால், இந்த வாரம் ஒருமுறை அவருடைய இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம், சூடு, வீக்கம், வியர்வை, நகம் ஆகியவற்றில் வித்தியாசம் தெரிந்து, எரிச்சலும் இருந்தால், அடுத்த தேதிவரை காத்திராமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.